இயங்குதள மேம்படுத்தலும் யூனிக்ஸ் கடவுச்சொல் ஹாஷும்

யூனிக்ஸ் வகைக் கணினிகள் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. அதை ஒருவழிக் கணக்கீட்டில் உருமாற்றி, கிடைக்கும் ஹாஷை மட்டும் வைத்துக்கொள்கின்றன. நுழையும்போது தட்டப்படும் சொல்லை மீண்டும் உருமாற்றி, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கின்றன. ஹாஷிலிருந்து சொல்லை மீட்க வழியில்லை. ஆகவே இயங்குதளத்தை மேம்படுத்தும்போது பழைய ஹாஷைப் புதிய முறைக்கு மாற்ற நிர்வாகியாலும் முடியாது. மேம்படுத்தலின்போது எழும் ஒத்திசைவுச் சிக்கல்களுக்கு வேர் இதுவே.

தொடக்கப் பதிப்புகளில் இருந்த 'கிரிப்ட்' நிரல், எம்-209 என்னும் அமெரிக்க இராணுவ மறையாக்கப் பொறியைப் பின்பற்றியது. அது மிக வேகமாக இயங்கியதால் கடவுச்சொற்களை ஊகித்துப் பார்ப்பவர்களுக்கே வசதியாயிற்று. ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் இதை 1979இல் வெளியான கட்டுரையில் விளக்கினர். அதே ஆண்டில் வந்த ஏழாம் பதிப்பு, டிஇஎஸ் என்னும் மறையாக்கத்தை 25 முறை திரும்பத் திரும்ப இயக்கியது. கடவுச்சொல்லோடு கலக்கும் 12 பிட் 'சால்ட்' என்னும் கூடுதல் மதிப்பு சேர்ந்ததால் ஒரே சொல்லுக்கு 4,096 வெவ்வேறு ஹாஷ்கள் அமைய இடமுண்டாயிற்று. விளைவு 13 எழுத்துச் சரம். அதன் முதல் இரண்டு எழுத்துகள் சால்ட். கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகள் மட்டுமே கணக்கில் சேர்ந்தன. 12 எழுத்தில் வைத்தவர் கடைசி நான்கைத் தவறாகத் தட்டினாலும் கணினி திறந்துகொள்ளும்.

அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் டிஇஎஸ் நிரல்களை வெளிநாடுகளுக்கு அனுப்பத் தடையாக இருந்தது. எனவே ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்காகப் பவுல்-ஹென்னிங் கேம்ப் 1990களின் நடுவில் எம்டி5 அடிப்படையிலான மாற்றை எழுதினார். அது 1,000 சுற்றுகள் ஓடியது. 8 எழுத்து வரம்பும் நீங்கியது. ஆனால் அக்கால ஃப்ரீபிஎஸ்டியில் கிரிப்ட் லைப்ரரி என்பது டிஇஎஸ் உள்ள லைப்ரரிக்கோ இல்லாததற்கோ போகும் ஒரு சிம்லிங்க் மட்டுமே. டிஇஎஸ் தொகுப்பை விட்டுவிட்டு மேம்படுத்தினால், பழைய 13 எழுத்துச் சரங்களைப் படிக்க ஆளில்லை. ரூட் கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டினாலும் கணினி 'தவறு' என்றே சொல்லும். சிங்கிள் யூசர் நிலையில் தொடங்கிச் சிம்லிங்கைத் திருத்த வேண்டும், அல்லது புதிய கடவுச்சொல் வைக்க வேண்டும். 2001இல் வந்த 4.4 பதிப்பு எல்லா முறைகளையும் ஒரே லைப்ரரியில் சேர்த்து இதைத் தீர்த்தது.

கேம்பின் பணியில் இன்றும் நிலைத்திருப்பது ஹாஷின் தொடக்கத்தில் வரும் '$1$' என்ற முன்குறிதான். எந்த முறையில் உருவானது என்பதை ஹாஷே சொல்லிவிடுவதால், பழையதும் புதியதும் ஒரே கோப்பில் அருகருகே இருக்கலாம். 1999இல் நீல்ஸ் புரோவோசும் டேவிட் மசியேரும் வெளியிட்ட பிகிரிப்ட், 2007இல் உல்ரிச் டிரெப்பர் வகுத்த '$5$', '$6$' ஆகியவை இவ்வழியே வந்தன.

முன்குறியின் அருமை 2011இல் தெரிந்தது. பிகிரிப்டின் பரவலான ஒரு நிரலாக்கம், ஆஸ்கிக்கு அப்பாற்பட்ட பைட்டுகளைத் தவறாகக் கையாண்டது கண்டுபிடிக்கப்பட்டது. யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு பைட்டும் அத்தகையதே. திருத்திய பதிப்புக்கு மாறியபோது அவ்வகைப் பழைய கடவுச்சொற்கள் பொருந்தாமல் போயின. பழைய பிழையோடே ஒப்பிடுவதற்கெனத் தனி முன்குறி வகுக்கப்பட்டது.

பழையதும் புதியதும் அருகருகே இருக்கும் வசதிக்கு விலையும் உண்டு. பயனர் கடவுச்சொல்லை மாற்றும்வரை பழைய, வலுவற்ற ஹாஷ் பல மேம்படுத்தல்களைக் கடந்தும் கோப்பில் கிடக்கும். எம்டி5 முறை இனிப் பாதுகாப்பானதல்ல என்று கேம்பே 2012இல் அறிவித்த பிறகும் இதுதான் நிலை. பின்னோக்கிப் போவதோ இன்னும் கடினம்: 2021இல் டெபியன் 11 யெஸ்கிரிப்ட் என்னும் ஹாஷ் முறையை இயல்பு முறையாக்கியது; அதன் ஹாஷை டெபியன் 10 கணினிக்கு நகலெடுத்தால் நுழைய முடியாது.