போடி மலைப் பாதையும் ஞாயிற்றுக்கிழமையும்



மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. போடி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நிற்கிறேன். முதுகில் பையோடு நாலு இளவட்டங்கள் என்னிடம் வந்தார்கள். "சார், குரங்கணிக்கு அடுத்த பஸ் எப்ப? மலை ஏறி ராத்திரி மேலே தங்கிட்டு, ஞாயிற்றுக்கிழமை இறங்கலாம்னு வந்திருக்கோம். வசந்த காலமாச்சே, நல்லா இருக்கும்ல?" என்று கேட்டார்கள். நான் உடனே பதில் சொல்லவில்லை. ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். அவர்களுக்குச் சொன்ன கதையைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன். உங்களுக்கு எதற்கு இந்தக் கதை என்று நினைக்காதீர்கள். உங்கள் மாந்தோப்பும் இலவந்தோப்பும் இதற்குள் வருகின்றன.

முதலில் இந்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்ப்போம். நம்ம சம்சாரிக்கு ஞாயிறு லீவு என்று ஒன்று எப்போது இருந்தது? அமாவாசை அன்று ஏர் பூட்ட மாட்டார்கள். அன்று மனுசனுக்கு ஓய்வோ இல்லையோ, மாட்டுக்கு ஓய்வு. அதை விட்டால் சந்தை நாள், சாமி கும்பிடுகிற நாள், கல்யாணம், கருமாதி. கிழமை பார்த்து ஓய்வெடுக்கும் பழக்கம் வயல்காட்டில் இருந்ததில்லை.

கிழமை பார்த்து ஓய்வு என்பது மில்லிலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவான், அவன் ஆபீஸுக்கு லீவு. ஆனால் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த நம்ம ஆட்களுக்கு அந்த லீவு கிடையாது. நாராயண் மேகாஜி லோகண்டே என்று ஒருவர். மராத்தியர். 1880-களில் அந்தத் தொழிலாளிகளைக் கூட்டி, வாரத்தில் ஒரு நாள் விடுங்கள் என்று மனு மேல் மனுவாகக் கொடுத்தார். கடைசியில் 1890 ஜூன் 10-ஆம் தேதி மில் முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்குச் சம்மதித்தார்கள். இன்று பிள்ளைகள் சாவகாசமாகத் தூங்கி எழுந்திரிக்கிற ஞாயிற்றுக்கிழமை இப்படிக் கேட்டு வாங்கியது.

மலைத் தோட்டங்களுக்கு அது வந்து சேர இன்னும் நாளாயிற்று. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு தர விதி செய்யலாம் என்று அதில் எழுதினார்கள். ஆனால் அந்தச் சட்டம் பேர் சொன்னது தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா. ஏலம் அந்த வரிசையில் சேர்ந்தது 1981-ல் வந்த திருத்தத்தில்தான். அதுவும் 5 ஹெக்டேர் நிலமும் 15 ஆளும் இருக்கிற தோட்டத்துக்கு. சின்னத் தோட்டத்தில் காய் பறித்த பெண்களுக்கு ஓய்வு நாள் என்பது ஜீப் வராத நாள்தான்.

இனி மலைப் பாதைக்கு வருவோம். பஸ் ஏறி உல்லாசப் பயணம் போகிறவர்கள், இந்தப் பாதை தங்களுக்காகவே போட்டது மாதிரி நினைக்கிறார்கள். அது சரக்குப் பாதை. 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி, அதை இழுப்பது மாடு! 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில் பாதையாக மாற்றினார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கியபடி மலைச் சரிவில் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். நடுவில் சரக்கு நின்று போன இடம்தான் சென்ட்ரல் ஸ்டேஷன். இன்றும் அந்தப் பேரில் குடியிருப்பு இருக்கிறது. ரயில் இல்லாத ஊருக்கு ஸ்டேஷன் என்று பேர் எப்படி வந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லுங்கள். கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்து, பெட்டிகள் கடல் தாண்டிப் போயின.

1924-ல் பெருவெள்ளம் வந்தது. மூணாறு ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது போனதுதான். மறுபடி போடவில்லை. நாலு வருசம் கழித்து, 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அதற்கும் சோதனை தீரவில்லை. இரண்டாம் உலகப் போரில் இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப் பாதையாக்க நிறுத்தினார்கள். பிறகு பன்னிரண்டு வருசத்துக்கு மேல் காத்திருந்து, 2023 ஜூன் 15-ல் போடிக்கு ரயில் திரும்பி வந்தது. இப்போது சென்னையில் ராத்திரி ஏறினால் காலையில் போடியில் இறங்கலாம். இந்த நாலு இளவட்டங்களும் அப்படி வந்தவர்கள்தான். தேயிலை இறங்கிய பாதையில் வார லீவு ஏறுகிறது.

சரி, அந்தக் காலத்து ஆட்களுக்குப் பொழுதுபோக்கே கிடையாதா? நன்றாகவே இருந்தது. ஆனால் அவர்கள் அதைக் கிழமையில் வைக்கவில்லை, மாதத்தில் வைத்தார்கள். ஏலக்காய்ப் பறிப்பு ஆடி ஆவணியில் தொடங்கி, சுற்றுச் சுற்றாகத் தை மாசி வரைக்கும் போகும். அதோடு மலையில் ஆள் வேலை குறையும். மலைக்குப் போனவர்கள் ஊருக்கு இறங்குவார்கள். கையில் காசு இருக்கும், கீழே இலவங்காய் வெடிக்கிற பருவமாக இருக்கும். காய் உலுக்குவது, பஞ்சு எடுப்பது, கொட்டையைப் பிரிப்பது என்று தோப்பு முழுக்க வெள்ளையாகப் பறக்கும். பஞ்சு மூக்கில் ஏறித் தும்மாதவர் போடியில் உண்டா? மாமரத்தில் வடு விழும். மாவடு ஊறுகாயும் கம்பங்கூழும் இருந்தால் வேறு குழம்பு வேண்டாம். கொஞ்ச நாளில் நுங்கு வந்துவிடும். சித்திரை வைகாசியில் மாம்பழம். காசாலட்டு, செந்தூரம் என்று வண்டி வண்டியாக இறங்கும்.

விளையாட்டுக்கும் குறைவில்லை. தை மாசியில் பல்லவராயன்பட்டி, அய்யம்பட்டிப் பக்கம் ஜல்லிக்கட்டு. 2014-ல் உச்ச நீதிமன்றம் தடுத்து, 2017-ல் சட்டத் திருத்தம் வந்து, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லும் என்று சொன்னது உங்களுக்குத் தெரியும். அறுவடை முடிந்த காட்டில் ராத்திரி நிலா வெளிச்சத்தில் சடுகுடு. அதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை, முழங்கால் சிராய்ப்புக்கு மஞ்சள் இருந்தால் போதும். அப்புறம் சித்திரை. போடியில் பரமசிவன் கோயில் திருவிழா. முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு எட்டு நாள் திருவிழா. அக்கினிச் சட்டி ஒரு பக்கம், ராட்டினம் ஒரு பக்கம். மாவட்டமே அங்கேதான் இருக்கும்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? வறண்ட மாதங்களில் நம்ம ஆட்கள் கூடிய இடமெல்லாம் ஊர், தோப்பு, ஆற்றங்கரை. மலைச் சரிவில் கூட்டமில்லை. ஒரு விலக்கு உண்டு. கூடலூருக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயில். பளியன்குடி வழியாக நடந்தே ஏறுவார்கள். அதுவும் வருசத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமி. அந்த ஒரு நாளைக்கே இரண்டு மாநில அதிகாரிகளும் முன்கூட்டி உட்கார்ந்து பேசுகிறார்கள்.

இப்போது 2018-க்கு வருகிறேன். உங்களில் பலர் கண்ணால் பார்த்தது. மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, மாசி மாதக் கடைசி. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வார லீவுக்கு வந்தவர்கள், முப்பது பேருக்கு மேல். பெண்கள்தான் அதிகம். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆளுயரத்துக்குக் காய்ந்த புல். தீ சுற்றிக்கொண்டது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஆளுக்கொரு திக்கில் சிதறினார்கள். விமானப் படை ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால், குரங்கணிக்காரர்களும் மலைச்சனங்களும்தான் இருட்டில் ஏறினார்கள். போர்வையில் தூளி கட்டி, காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். அன்றும் பிறகு ஆஸ்பத்திரியிலுமாக 23 பேர் இறந்துபோனார்கள்.

ஏன் ஓடித் தப்ப முடியவில்லை? இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் தோப்பு ஓரத்தில் தீ வைக்கிறவர்களும் இதே கணக்குக்குள்தான் நிற்கிறார்கள். சம தரையில் எரியும் தீ ஒரு மாதிரி, சரிவில் எரியும் தீ வேறு மாதிரி. சூடு மேலே போகும். சரிவில் தீக்கு மேலே நிற்கிற புல், தீ தொடுவதற்கு முன்னாலேயே வெந்து ஈரம் போய்த் தயாராக இருக்கும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் சுமார் இரண்டு மடங்கு ஆகும் என்பது தீயணைப்புக்காரர்களின் கைக்கணக்கு. இருபது டிகிரிச் சரிவு என்றால் நாலு மடங்கு. நம்ம மலையில் இருபது டிகிரி எல்லாம் சாதாரணம். அதோடு காற்று. பகலில் வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்குக் காற்று மலையை நோக்கி மேலே வீசும். பொழுது சாய்ந்தால் கீழ்நோக்கித் திரும்பும். பகலில் அடிவாரத்தில் பற்றியது மேலே ஓடும். ராத்திரி அது உங்கள் தோப்பை நோக்கி இறங்கவும் கூடும். மேட்டில் மூச்சு வாங்க ஏறுகிற மனுசனால் அந்த ஓட்டத்தை முந்த முடியாது.

அதன்பிறகு 2018-லேயே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் மாநிலம் முழுக்க 40 பாதைகளை வரிசைப்படுத்தி, முன்பதிவு, உள்ளூர் வழிகாட்டி என்று ஏற்பாடு செய்தது. அதில் குரங்கணி – சாம்பலாறு பாதையும் ஒன்று. பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம், பாதைகள் மூடல்.

இந்தத் தேதிகளை முதலில் படித்தபோது நான் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். மாசி பிறப்பது பிப்ரவரி 13 வாக்கில். பங்குனி முடிவது ஏப்ரல் 13 வாக்கில். ஒரு நாள் இரண்டு நாள் முன்னே பின்னே, அந்த மூடல் அப்படியே நம்ம மாசியும் பங்குனியும்! இங்கிலீஷ்காரன் மார்ச் மாதத்தை வசந்தம் என்பான். அவன் ஊரில் அப்போதுதான் பனி உருகிப் புல் முளைக்கும். நம்ம பெரியவர்கள் ஆறு பருவம் வகுத்தபோது மாசி பங்குனியைப் பின்பனி என்றார்கள். இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. வேற்று ஊர்ப் பருவத்தின் பேரை நம்ம மலைக்கு வைத்துக்கொண்டு, புல் காய்ந்து கிடக்கிற நேரத்தில் ஏறப் போகிறோம். நான் படித்த பி.எஸ்சி. பாடத்தில் இது இல்லை, பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஆபீசில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இனி உங்கள் பக்கம். வரப்போரப் புல்லை, தோப்புச் சருகைக் கூட்டித் தீ வைப்பது சுலபம் என்று செய்கிறோம். அதில் போவது சருகு மட்டுமில்லை. மேல்மண்ணின் மக்கும் போகிறது. மூடாக்கு இல்லாத சரிவில் முதல் கோடை மழை விழுந்தால் மண் கரைந்து கொட்டகுடி ஆற்றுக்குப் போய்விடும். அதே புல்லை அறுத்து மாமரத் தூரைச் சுற்றி, தண்டில் ஒட்டாமல் ஒரு சாண் விலக்கி, கனமாகப் பரப்புங்கள். வெயில் காலத்தில் தண்ணீர் கட்டுகிற இடைவெளி கூடும். மலைப் பக்க எல்லையில் இரண்டு மூன்று பாக அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் தரையாக விடுங்கள். இலவந்தோப்புக்காரர்கள் இதைத் தை மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். வெடித்த காயில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாலு பேரும் கதையைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். ஒரு பையன், "அப்ப நாங்க வந்தது வேஸ்ட்டா சார்?" என்றான். எனக்குத் தெரிந்த ஒரு சம்சாரியின் இலவந்தோப்புக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். சாயந்தரம் நானும் அந்தப் பக்கம் போனேன். தலையெல்லாம் பஞ்சு ஒட்ட, நாலு பேரும் கம்பால் காய் தட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டம்மா கம்பங்கூழும் மாவடுவும் வைத்திருந்தார். ஒருவன் மூன்றாவது தடவை சொம்பை நீட்டினான். ராத்திரி ஊர்ப் பையன்களோடு சடுகுடு ஆடித் தோற்றார்கள் என்று மறுநாள் கேள்விப்பட்டேன். கோடை மழை விழுந்தபிறகு, பாதை திறந்ததும் பதிவு செய்துகொண்டு மலைக்கு வருகிறோம் என்று தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

உங்கள் எல்லையில் தீக்கோடு எடுக்க அளவு தெரிய வேண்டுமானால், பக்கத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.