டிரெய்லர் வீடு: குளிர்காலக் காப்பு

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீட்டை, கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் உறைபனிக்கு முன் பாதுகாத்து நிறுத்தும் முறை. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால், குழாயில் தங்கிய சிறிதளவு நீரே இணைப்புகளைப் பிளந்துவிடும். ஆகவே தொட்டிகளையும், சூடு ஆறிய பின் வெந்நீர்க் கலனையும் முற்றாக வடிக்கிறார்கள். பிறகு கலனைத் தவிர்த்து, இளஞ்சிவப்பு உறைதடுப்பு நீர்மத்தைப் பம்பால் செலுத்தி, அந்நிறம் வரும்வரை ஒவ்வொரு குழாயையும் திறந்துவிடுவர். இந்த நீர்மம் புரொப்பிலீன் கிளைக்கால் சேர்ந்தது. கார் எஞ்சினில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, குடிநீர்க் குழாயில் ஒருபோதும் சேரக் கூடாது. பலரும் மறப்பது வெளிப்புற ஷவரை. அதன் சிறு வால்வு வெடித்தால் நீர் சுவருக்குள் கசிந்து மரச்சட்டத்தையே அழுக வைக்கும். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து கழற்றி வைப்பது நல்லது. சார்ஜ் இறங்கிய ஈய அமில பேட்டரி எளிதில் உறையும். எலி நுழையும் துளைகளையும் அடைத்துவிட வேண்டும்.