எதுவரைக்கும் வந்துச்சு?

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டார்கள். ஹாஸ்டல் சாப்பாடு, கல்ச்சுரல்ஸ் பற்றியெல்லாம் எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் நம் கம்ப்யூட்டர் லேபில் கேட்ட ஒரே ஒரு கேள்வியைப் பற்றி எழுதுகிறேன். அதற்குப் பின்னால் 70 வருஷத்துச் சரித்திரம் இருப்பது அன்று எனக்குத் தெரியாது.

இறுதியாண்டு. ப்ராஜக்ட் வைவாவுக்கு முந்தின நாள் சாயங்காலம். மூன்று மாத உழைப்பும் லேபில் ஒரே மெஷினில். ஸ்விட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: ‘என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்’. விண்டோஸ் எக்ஸ்பி வரவில்லை. பேக்கப்பா? அதெல்லாம் யார் எடுத்தார்கள்! “ஃபார்மட் பண்ணிட்டுப் புதுசாப் போட்டுடலாம்டா” என்றான் நண்பன். சிடியையும் உள்ளே போட்டாயிற்று. அப்போதுதான் லேப் அண்ணா வந்தார்.

“எதுவரைக்கும் வந்துச்சு?”

“வரவே இல்லைண்ணா.”

“வரவே இல்லைன்னா, இந்த வரிய எழுதினது யாரு?”

நாங்கள் முழித்தோம். “இந்த வரி ஹார்ட் டிஸ்க்கோட பூட் செக்டார்ல இருக்குப்பா. அதைப் படிச்சுக் காட்டுதுன்னா டிஸ்க் உயிரோடதான் இருக்கு. ஒரு ஃபைலைத்தான் காணோம். உயிரோட இருக்கிறவனை எதுக்குப் புதைக்கிறீங்க?”

அதே சிடியிலிருந்து ரெகவரி கன்சோலுக்குப் போய், என்டிஎல்டிஆர், என்டிடிடெக்ட் என்ற இரண்டு ஃபைல்களை சி டிரைவுக்குக் காப்பி செய்தார். பத்து நிமிஷம். எக்ஸ்பி எழுந்து உட்கார்ந்தது. டிஸ்க்கில் இடம் போதவில்லையென்று முதல் நாள் ‘வேண்டாத’ ஃபைல்களை அழித்தது யார் என்று கேட்காதீர்கள். நாங்கள்தான்!

அந்தக் கேள்வியின் சரித்திரத்துக்கு வருவோம். பிராசஸருக்கு மெமரியில் இருப்பதை மட்டும்தான் செய்யத் தெரியும். ஸ்விட்ச் போட்டவுடன் மெமரி காலி. டிஸ்க்கிலிருந்து ஒரு புரோகிராமைக் கொண்டுவர வேண்டுமென்றால், கொண்டுவருவதற்கே ஒரு புரோகிராம் வேண்டும். கோழியா முட்டையா கதைதான். தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற ஆங்கிலக் கேலிப்பேச்சிலிருந்துதான் ‘பூட்’ என்ற பெயரே வந்தது.

1952-ல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 701-ல் இதற்கென்றே ‘லோடு’ என்று ஒரு பட்டன் வைத்தார்கள். அதை அழுத்தினால் கார்டு, டேப், டிரம் ஏதாவது ஒன்றிலிருந்து முதல் சில கட்டளைகள் மெமரிக்கு வரும். மீதியை அவை இழுத்துக்கொண்டு வரும். 1975-ல் வந்த ஆல்டேர் 8800-ல் அந்தப் பட்டனும் கிடையாது. முகப்பிலுள்ள ஸ்விட்சுகளை மேலும் கீழும் தட்டி, ஒவ்வொரு பைட்டாக மனிதன்தான் ஊட்ட வேண்டும். அந்த மெஷினுக்கு பேசிக் மொழியை எழுதிய பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. காகித டேப்பை எடுத்துக்கொண்டு ஆல்பகர்க்கி நகருக்கு விமானமேறிய ஆலனுக்கு, டேப்பை மெமரியில் ஏற்றும் சின்ன புரோகிராமை எழுதவில்லையே என்று வழியில்தான் உறைத்தது. தரையிறங்குவதற்குள் கையால் எழுதி முடித்தார். எவ்வளவு பெரிய புரோகிராமாக இருந்தால் என்ன, முதல் படி இல்லையென்றால் அது வெறும் காகிதம்தான்!

அந்த மெஷின்களில் ஒரு சௌகரியம் உண்டு. முகப்பிலிருக்கும் சிறு விளக்குகளைப் பார்த்தே எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடிக்கலாம். 1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது முதல் படி ‘ராம் பயாஸ்’ என்ற அழியாத சிப்புக்குள் போயிற்று (மெமரியைச் சொல்லும் ராம் வேறு, இது படிக்க மட்டுமேயான சிப்). விளக்குகள் போனாலும் சத்தம் வந்தது. ஒரு குட்டை ‘பீப்’ என்றால் எல்லாம் சுகம். ஒரு நெட்டை, இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டில் கோளாறு. சோதனை முடிந்ததும் பயாஸ் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். கடைசி இரண்டு பைட்டும் ஹெக்ஸில் 55, ஏஏ என்று இருந்தால்தான் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பூட் ஆகும்.

1990-களில் லினக்ஸ் போட்டவர்களுக்கு வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லைலோ ஞாபகமிருக்கும். அது தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் ஒவ்வொன்றாகத் திரையில் போடும். முதல் எழுத்தோடு நின்றால் இரண்டாம் கட்டத்தை எடுக்க முடியவில்லை. இரண்டாவதோடு நின்றால் எடுத்தது, ஓட்ட முடியவில்லை. நான்கும் வந்தால் நிம்மதி. எங்கள் அண்ணாவின் கேள்விக்கு மெஷினே பதில் எழுதித் தந்த மாதிரி!

பதிலே கிடைக்காத நாளும் உண்டு. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் உலகம் முழுக்கப் பல மெஷின்களில் டிஸ்க்கின் தகவலை அழித்ததோடு, பயாஸ் சிப்பையும் அழித்தது. சிப் போன மெஷினில் பீப்கூட இல்லை. சிப்பை மாற்றவோ மறுபடி எழுதவோ வேண்டியிருந்தது.

2024 ஜூலை 19 எல்லோருக்கும் நினைவிருக்கும். க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு சாஃப்ட்வேருக்கு நம் நேரப்படி காலை 9.39-க்கு ஒரு பிழையான ஃபைல் போயிற்று. 10.57-க்குத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையில் விழுந்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சரியான ஃபைலை நெட்வொர்க்கிலேயே அனுப்ப வேண்டியதுதானே? முடியவில்லை. பெரும்பாலான மெஷின்கள் நெட்வொர்க் வரும் கட்டத்துக்கு முன்பே விழுந்துகொண்டிருந்தன. ஆனால் அதே மெஷின்கள் குறைந்தபட்ச டிரைவர்களோடு சேஃப் மோடில் எழுந்தன. அதுதான் துப்பு. ஆட்கள் ஒவ்வொரு மெஷினாகப் போய், டிஸ்க் பூட்டியிருந்தால் 48 இலக்க ரெகவரி கீயைத் தட்டி, அந்த ஒரு ஃபைலை அழித்தார்கள். அப்படி அழிக்க முடிந்த மெஷின்களை இதற்காக ஃபார்மட் செய்யத் தேவையில்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. இன்றைய மெஷின்களில் யுஇஎஃப்ஐ வந்துவிட்டது. நடப்பதையெல்லாம் கம்பெனி லோகோவுக்குப் பின்னால் மறைத்துவிடுகிறார்கள். கேள்வி மட்டும் மாறவில்லை. மின்சாரம் வருகிறதா, விசிறி சுற்றுகிறதா? லோகோ வருகிறதா? செட்டப்பில் டிஸ்க் தெரிகிறதா? பூட் மெனு வருகிறதா? சேஃப் மோடு எழுகிறதா? ‘இல்லை’ என்ற முதல் பதில் எங்கே வருகிறதோ, அங்கே தேடுங்கள். டிஸ்க் தெரிந்தால், பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி முதலில் உங்கள் ஃபைல்களைக் காப்பி எடுங்கள். ரிப்பேர் அப்புறம். ஃபார்மட் கடைசி.

வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் “சார், வரவே இல்லை” என்று எத்தனையோ பேர் போன் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் என் வாயில் முதலில் வருவது அண்ணாவின் கேள்விதான். பாதிப் பேர் அதற்குப் பதில் சொல்லும்போதே கோளாறு எங்கே என்று அவர்களுக்கே புரிந்துவிடுகிறது.

அடுத்த நாள் வைவா நல்லபடியாக முடிந்தது. அண்ணாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தோம். “பேக்கப் எடுத்தாச்சா?” என்றார். அன்றும் எடுக்கவில்லை!