பெரியோர் வாக்கும் பெருக்கற் கணக்கும்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இலக்கத்தில் எழுதின் 4294967297. பார்வைக்கு யாதொரு சிறப்புமில்லாத இவ்வெண், பேரறிஞர் ஒருவரின் நம்பிக்கையைப் பொய்ப்பித்தது என்றால் வியப்பன்றோ? அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம்.

பிரான்சு தேசத்தில் துலூஸ் நகரத்து நீதிமன்றத்திலே உத்தியோகம் வகித்தவர் பெர்மா என்பார். கணிதம் அவருக்குத் தொழிலன்று. அலுவல் ஒழிந்த வேளையிற் கண்ட இன்பமே. இரண்டோடு ஒன்றைக் கூட்டினால் 3. இரண்டைத் தன்னாற் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 5. அந்நான்கைத் தன்னாற் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 17. இவ்வாறே மேற்செல்ல 257, 65537 என்பன வரும். இவ்வைந்தும் ஒன்றாலும் தம்மாலுமன்றிப் பிறிதொன்றால் மீதியின்றி வகுபடா. இத்தகையனவே பகா எண்கள் எனப்படும். இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே எனப் பெர்மா கருதினார். ஆயினும், அதற்கு நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் 1640ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் ஒப்புக்கொண்டார். வரிசையில் ஆறாவதாக வருவதே நம் எண்.

1729இல் கோல்ட்பாக் என்னும் கணிதர் இக்கூற்றைக் குறித்து ஆய்லருக்கு எழுதிக் கருத்து வினவினார். ஆய்லர் சுவிட்சர்லாந்திற் பிறந்து, ருஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் கழகத்திற் பணியாற்றியவர். 1732இல், தமது 25ஆம் வயதில், இவ்வெண் 641ஆல் வகுபடும் என அவர் அறிவித்தார்.

நேர்வழியிற் சோதிப்பதாயின் 65536க்குட்பட்ட 6542 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். ஆய்லர் பிற்காலத்தில் வெளியிட்ட விதியோ, இதனை வகுக்கும் பகா எண் எதுவாயினும் 64இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகவே இருக்கும் என்பது. அதன்படி 193, 257, 449, 577 ஆகிய நான்கும் பொருந்தாமற் கழிய, ஐந்தாவதாக நிற்பது 641!

தோட்டத்து அலுவலகத்திற் கணக்கெழுதிப் பிழைக்கும் யான், இதனைப் படித்த இரவே ஒரு பழைய தாளின் பின்புறத்திற் பெருக்கிப் பார்த்தேன். 6700417ஐ 600ஆற் பெருக்க 4020250200. 41ஆற் பெருக்க 274717097. இரண்டையுங் கூட்ட 4294967297. ஆய்லர் சொன்னார் என்பதற்காக நம்பவேண்டிய தேவை அக்கணமே ஒழிந்தது.

அதன்பின் இவ்வரிசையின் ஏழாவது முதல் முப்பத்துமூன்றாவது வரை ஒவ்வோர் எண்ணும் பகுபடுவதே எனக் கண்டனர். முதல் ஐந்துக்குமேல் ஒரு பகா எண்ணும் இன்றளவும் கிட்டவில்லை. ஐந்து சான்றுகள் ஒத்திருந்தமையால் ஆறாவதும் ஒக்கும் என்பது அனுமானமேயன்றி நிரூபணமாகாது. இதனாற் பெர்மாவின் பெருமை குன்றிற்று என்பதில்லை. தாம் அறிந்தது இவ்வளவு, அறியாதது இவ்வளவு என வரம்பு கட்டி உரைத்தவர் அவர். அவ்வரம்பை மறந்து, பெயருக்காகவே ஒரு கூற்றை ஏற்பவர் பிழையே பெரிது.

நண்பர்காள்! தாளும் பென்சிலும் எடுத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். என் சொல்லையும் நம்பவேண்டா.