கூச்சப்படாமல் கேளுங்கள், காசு மிச்சமாகும்

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி. மாதத்தில் 26 நாள் வேலை செய்பவருக்கு ஒரு நாள் கூலி ஏறக்குறைய 65 வெள்ளி. கடையிலோ கிளினிக்கிலோ பட்டறையிலோ ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால், அந்த ஒரு நாள் கூலி சத்தமில்லாமல் போய்விடும்.

விலையைத் துருவிக் கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கேட்பது வாங்குபவரின் உரிமை. குடும்பத்தில் எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டிய 5 கேள்விகள் இதோ.

“கிலோ என்ன விலைக்கு வருகிறது?”

பெரிய பொட்டலம் என்றால் மலிவு என்பது எப்போதும் உண்மையல்ல. உதாரணத்திற்கு, 2 கிலோ சலவைத் தூள் 14 வெள்ளி, 5 கிலோ 36 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சிறியது கிலோ 7 வெள்ளி. பெரியதோ 7 வெள்ளி 20 காசு. கைப்பேசியிலேயே வகுத்துப் பார்த்துவிடலாம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் ‘பிரைஸ்கேச்சர்’ செயலியில் ஒரே பொருளின் விலையைக் கடைக்குக் கடை ஒப்பிடவும் முடியும்.

“பாக்கெட் எண்ணெய் இருக்கிறதா?”

அரசு உதவித்தொகை பெற்ற 1 கிலோ பாக்கெட் சமையல் எண்ணெயின் விலை 2 வெள்ளி 50 காசு. இது மலேசியக் குடிமக்களுக்கு உரியது. போத்தல் எண்ணெய் விலை இதைவிடப் பல மடங்கு. வேறு பொருள் வாங்கினால்தான் பாக்கெட் எண்ணெய் தருவேன் என்று கடைக்காரர் நிபந்தனை போடக் கூடாது. போட்டால் அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

“மருந்துச் சீட்டு தருவீர்களா, டாக்டர்?”

நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மாதந்தோறும் மருந்துச் செலவு உண்டு. தனியார் கிளினிக்கில் பார்த்தாலும் மருந்தை அங்கேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சீட்டைக் கேட்டு வாங்கி, மருந்தகங்களில் விலை விசாரிக்கலாம். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். அதே மருந்து குறைந்த விலையில் வேறு நிறுவனத் தயாரிப்பாகக் கிடைக்குமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்காமல் நீங்களாக மாற்ற வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளிதான்; மருந்தும் அதில் அடங்கும். காத்திருக்க முடிந்தவர்களுக்கு, நெடுநாள் நோய்க்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

“கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு?”

தோட்டத்துக் கடையில் கணக்கு வைத்து வாங்கிய காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சம்பள நாளில்தான் மொத்தக் கடன் தெரியும். இன்றைய தவணை முறையும் அப்படித்தான். கடையில் “மாதம் 75 வெள்ளிதான்” என்பார்கள். 2,000 வெள்ளி குளிர்பதனப் பெட்டிக்கு 36 மாதம் அப்படிக் கட்டினால் மொத்தம் 2,700 வெள்ளி ஆகிறது. கூடுதலாகப் போன 700 வெள்ளி, கிட்டத்தட்ட 11 நாள் கூலி. மொத்தத் தொகையை எழுதித் தரச் சொல்லுங்கள். தாமதமானால் என்ன கட்டணம் என்பதையும் கேட்டபின் கையெழுத்துப் போடுங்கள். பழையது இன்னும் ஓடுகிறது என்றால், அதே 75 வெள்ளியை மாதந்தோறும் ஒதுக்கி வையுங்கள். 27 மாதத்தில் ரொக்கமாகவே வாங்கிவிடலாம்.

“எதை மாற்றப் போகிறீர்கள்?”

கார், மோட்டார் சைக்கிள், குளிர்சாதனம் எதுவானாலும் வேலை தொடங்கும் முன் உதிரிப்பாக விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பெரிய செலவென்றால் இன்னொரு பட்டறையிலும் விசாரியுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். கேட்பவர் என்று தெரிந்தாலே தேவையில்லாத வேலை குறையும்.

ஏமாற்றப்பட்டால்?

இத்தனையும் கேட்டு வாங்கிய பிறகும் பொருள் பழுதானால், கடைக்காரர் கை விரித்தால், பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கு விசாரிப்பார்கள். வழக்கறிஞர் தேவையில்லை, உங்கள் வழக்கை நீங்களே எடுத்துச் சொல்லலாம். சிக்கல் எழுந்த 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

அங்கே உங்களுக்காகப் பேசப் போவது ரசீதுதான். சில ரசீதுகளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். உத்தரவாத அட்டை, எழுதித் தந்த விலை, கடைக்காரருடன் நடந்த புலனச் செய்தி எல்லாவற்றையும் அதனோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.