மாற்றுத்திறன் மாணவர் குடும்ப ஆதரவு (தஞ்சாவூர்)

மாற்றுத்திறன் மாணவர் குடும்ப ஆதரவு என்பது உடற்குறையோ ஆட்டிசம், கற்றல் குறைபாடு போன்ற நரம்பியல் வேறுபாடோ உள்ள உயர்நிலை, மேல்நிலை மாணவரின் பெற்றோருக்கும் காப்பாளருக்கும் கிடைக்கும் சட்ட, கல்வி, பொருள் உதவிகளின் தொகுப்பு.

வகைகள்: கல்விச் சலுகை, நிதியுதவி, காப்பீடு, சட்டக் காப்பாளர் நியமனம்.

சட்ட அடிப்படை: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ளோருக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கும், அதிக ஆதரவு தேவைப்படும் மாணவருடன் செல்லும் உதவியாளரின் போக்குவரத்துக்கும் இச்சட்டம் இடமளிக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு உரியது. 18 வயதுக்குப் பின் தேவைப்படும் காப்பாளரை இச்சட்டத்தின்கீழ் அமைந்த மாவட்ட அளவிலான குழு நியமிக்கிறது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டம் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கிறது.

நிறுவனங்கள்: தஞ்சாவூரில் பார்வைக் குறைபாடுடையோருக்கும் செவிக் குறைபாடுடையோருக்கும் தனித்தனி அரசு மேல்நிலைப் பள்ளிகள் உள்ளன. பொதுப் பள்ளி மாணவருக்கு வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர்கள் உதவுகின்றனர். உதவித்தொகை விண்ணப்பங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் கையாள்கிறது.

முக்கியத்துவம்: பள்ளிப் பருவம் முடியும்போது 18 வயது வரையிலான இலவசக் கல்வி உரிமையும் முடிவதால், காப்பாளர் நியமனமும் தொழிற்பயிற்சியும் இக்கட்டத்தில் குடும்பங்களின் முதன்மைத் தேவைகளாகின்றன.