யுஎஸ்-64ம் எங்கள் குவார்ட்டர்ஸ் மாமாவும்

2001 ஜூலை 2, திங்கட்கிழமை. யுஎஸ்-64 திட்டத்தில் இனி ஆறு மாதத்துக்கு யூனிட் விற்பதும் இல்லை, திரும்ப வாங்குவதும் இல்லை என்று யூனிட் டிரஸ்ட் அறிவித்தது. நாங்கள் அப்போது ஆண்டாப் ஹில்லில் இருந்தோம். நான் பி.காம். மாணவன். அப்பா ரிட்டயர் ஆகி ஒரு வருஷம். பி.எஃப். பணத்தில் பெரும்பகுதி அந்த யூனிட்டில்தான். தை மாதம் அக்கா கல்யாணம் வேறு.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யுஎஸ்-64 என்றால் தெரியாது, அதனால் கொஞ்சம் பழைய கதை. 1963ல் பார்லிமெண்டில் தனிச்சட்டம் போட்டு உருவானது யூனிட் டிரஸ்ட். தலைமையகம் இதே பம்பாய்தான். அதன் முதல் திட்டம் 1964ல் வந்த யுஎஸ்-64. முகமதிப்பு 10 ரூபாய். விலை ஜூலையில் குறைவாக இருக்கும், பிறகு மாதாமாதம் ஏறும். ஆகவே ஜூலை பிறந்தால் மாதர் சங்கத்தில் புடவைத் தள்ளுபடி பேசுவது போல குவார்ட்டர்ஸில் யூனிட் பேச்சுத்தான். சுமார் 2 கோடிப் பேர் போட்டிருந்தார்கள்.

எங்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தவர் பக்கத்து பிளாக் மாமா. ரிட்டயர் ஆனபின் ஏஜென்சி எடுத்திருந்தார். "கவர்ன்மெண்டோடது, பயமே வேண்டாம்" என்பார். அரசு எந்த உத்தரவாதமும் தரவில்லை என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

தெரியாமல் போனது இன்னும் நிறைய. அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் பங்குச் சந்தையில் இருந்தது. யூனிட்டின் விலையை டிரஸ்டே நிர்ணயித்தது. கையிருப்புப் பங்குகளின் நிஜ மதிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 1992ல் செபிக்குச் சட்ட அதிகாரம் வந்து, மற்ற மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு விதிகள் போட்டபோதும் யுஎஸ்-64 வெளியிலேயே நின்றது. 1998ல் அதன் ரிசர்வ் 1,098 கோடி ரூபாய் மைனஸ் என்று தெரியவந்தது. பெரிய கம்பெனிகளுக்குப் புரிந்துவிட்டது. 2001 ஏப்ரல், மே இரண்டே மாதத்தில் 4,000 கோடிக்கு மேல் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பாவிடம் யாரும் வந்து சொல்லவில்லை.

ஆகஸ்டிலிருந்து ஆளுக்கு 3,000 யூனிட் வரை 10 ரூபாய்க்குத் திரும்பத் தந்தார்கள். அப்பா வாங்கியது அதைவிடக் கூடுதல் விலைக்கு. கையில் வந்தது 30,000. கல்யாணத்தைக் கடன் வாங்கித்தான் நடத்தினோம். மீதி யூனிட்டுகள் 2003ல் 6.75 சதவீத பாண்டுகளாக மாறின (முதல் 5,000 யூனிட்டுக்கு 12 ரூபாய், அதற்கு மேல் 10 ரூபாய்). அந்தப் பணம் வந்தது 2008ல்.

மாமா எங்கள் வீட்டு வாசலுக்கு வரவே கூச்சப்பட்டார். அம்மாவுக்குக் கோபம். அப்பா மட்டும், "அவரோட பணமும் அதுலதானே கிடக்கு. அவருக்கே யாரும் சொல்லலையே" என்றார்.

எச்சரிக்க வேண்டியது யார் கடமை? அமெரிக்காவில் 1940லேயே முதலீட்டு ஆலோசகர் சட்டம் உண்டு. ஒரு ஆலோசகர் தான் முதலில் பங்கை வாங்கிவிட்டு, பிறகு வாடிக்கையாளர்களுக்குச் சிபாரிசு செய்து, விலை ஏறியதும் விற்று லாபம் பார்த்தார். இதை மறைத்தது தப்பு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது 1963ல், நம் யூனிட் டிரஸ்ட் சட்டம் வந்த அதே வருஷம். நமக்கு அந்த மாதிரி விதி வர அரை நூற்றாண்டு ஆனது. 2009ல் ஏஜெண்டுகள் கமிஷனை வெளியில் சொல்ல வேண்டும் என்றது செபி. 2013 ஜனவரியில் முதலீட்டு ஆலோசகர் விதிகள் வந்தன. ஆலோசகர் வாடிக்கையாளரின் நலனுக்காகவே நடக்க வேண்டும், அவர் எவ்வளவு நஷ்டம் தாங்குவார் என்று முதலில் கணிக்க வேண்டும், அதற்குப் பொருந்துவதையே சொல்ல வேண்டும், ரிஸ்க்கை விளக்க வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு பேங்க் ஆபீசராக ஒரு உண்மையைச் சொல்கிறேன். கவுண்டரில் எஃப்.டி. புதுப்பிக்க வரும் உங்களிடம் ஃபண்டோ இன்ஷூரன்ஸோ பற்றிப் பேசும் என்னைப் போன்றவர் பெரும்பாலும் ஆலோசகர் அல்ல, விற்பவர். விற்பவருக்கும் நடத்தை விதிகள் உண்டு, ஆனால் ஆலோசகருக்கு இருக்கும் அளவு கடமை கிடையாது. எங்களுக்கு டார்கெட் உண்டு. "சார், நீங்க சொன்னா சரி" என்று ஒரு பெரியவர் பேனாவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம்தான் வரும். கையெழுத்துக்கு முன் "இதில் முதலும் குறையலாம்" என்று தமிழிலேயே சொல்லிவிடுவேன். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மேனேஜரிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

ஊரில் இருக்கும் உங்கள் அப்பா அம்மாவுக்கு ஃபோன் பண்ணும்போது மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள். நீங்க ஆலோசகரா, விற்கிறவரா? இதில் உங்களுக்கு என்ன கிடைக்கும்? என் முதல் குறையுமா? மூன்றாவதற்கு "பயமே வேண்டாம்" என்று மட்டும் பதில் வந்தால், ஃபாரத்தை வீட்டுக்கு எடுத்து வந்துவிடச் சொல்லுங்கள்.